விழுந்தவரிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்

உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் சரிந்து விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் முதலில் தேடுவது காரணத்தை. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார், வெயில் தாங்கியிருக்காது, சர்க்கரை இறங்கியிருக்கும், வலிப்பாக இருக்கும், பிரஷர் மாத்திரையை விட்டிருப்பார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். யாருடைய நல்லெண்ணத்திலும் குறையில்லை. ஆனால் என்ன நோய் என்று தெரிந்தால்தான் என்ன செய்வதென்று தெரியும் என்ற எண்ணம் இந்தப் பரபரப்பு முழுவதற்கும் அடியில் கிடக்கிறது. மருத்துவமனைக்கு அந்த எண்ணம் பொருந்தும். மைதானத்துக்கும் ஜிம்முக்கும் பொருந்தாது. அங்கே நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே ஆள் கைவிட்டுப் போய்விடலாம். அந்த இடத்தில் கேட்கவேண்டியவை இரண்டே கேள்விகள்: கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? மருத்துவம் படிக்காதவர்கூடப் பத்து விநாடியில் விடை காணக்கூடிய இந்த இரண்டு கேள்விகள், அனுபவசாலிகளின் ஊகங்களைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இதயம் வலியோடு என்றாலும் துடித்துக்கொண்டிருக்கும், ஆள் பேசுவார். இதயம் நின்றுபோகும்போது குழப்பம் மின்னோட்டத்தில் நேர்கிறது. ஒழுங்காகச் சுருங்கி விரியவேண்டிய கீழறைகள் தாறுமாறாக அதிர்கின்றன. ஒரு சொட்டு இரத்தம்கூட மூளைக்கு உருப்படியாகப் போவதில்லை. மாரடைப்பு இந்த நிலைக்கு இட்டுச் செல்லலாம். பிறவியிலேயே தடித்த இதயத் தசை, மின்னோட்டக் கோளாறு, பந்து நெஞ்சில் பட்ட அடி ஆகியவையும் இட்டுச் செல்லலாம். காரணம் எதுவானாலும் அதன்பின் ஓடும் கடிகாரம் ஒன்றுதான். மூளை நான்கைந்து நிமிடத்தில் சேதமடையத் தொடங்குகிறது. நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியோ மின்னதிர்வோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லாத காலத்தை எண்ணிப் பார்த்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். ஆனாலும் மாநகரப் போக்குவரத்தில் எந்த ஆம்புலன்சும் மூன்று நிமிடத்தில் வந்துசேர்வதை உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதல் சிகிச்சை அங்கே நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நிலைமை இதுதான்.

அப்படியானால் ஏன் தாமதம்? பெரும்பாலும் துணிச்சல் இல்லாததால் அல்ல. நின்றுபோன இதயம் நாம் கற்பனை செய்து வைத்திருப்பதுபோல் காட்சி தராததால். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசி, தலை சாய்ந்து, அசைவற்றுக் கிடப்பார்கள். மைதானத்தில் அப்படி நடப்பதில்லை. இதயம் நின்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரிடம் முதல் சில நிமிடங்களில் ஒருவகை மூச்சு காணப்படுகிறது: விட்டுவிட்டு வரும், வாயைத் திறந்து கொக்கரிப்பதுபோல அல்லது குறட்டைபோல ஒலிக்கும். அது மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். நுரையீரலுக்கு அதனால் பயனில்லை. பார்ப்பவர்களோ "மூச்சு இருக்கிறது" என்று ஆறுதலடைந்து நின்றுவிடுகிறார்கள். வேறு சிலருக்குக் கைகால்கள் சில விநாடிகள் வெட்டி இழுக்கும். இரத்தம் கிடைக்காத மூளையின் தவிப்பு அது. உடனே "வலிப்பு" என்று முடிவுகட்டி இரும்பைத் தேடுகிறோம். கண் திறந்தே இருக்கலாம். நாடி பார்க்கலாம் என்றால், பதற்றத்தில் நம் விரல்நுனியின் துடிப்பையே அவருடைய நாடியாக எண்ணிக்கொள்வோம்; அதனால்தான் பொதுமக்கள் நாடி பார்க்கவேண்டாம் என்று முதலுதவி விதிகளே சொல்லிவிட்டன. 2007இல் அமெரிக்காவின் விளையாட்டு மருத்துவ அமைப்புகள் பல ஒன்றுகூடி வெளியிட்ட பரிந்துரை இந்தக் குழப்பத்தை ஒரே வரியில் வெட்டியது. விழுந்த விளையாட்டு வீரர் பதில் தரவில்லையென்றால், வேறென்று நிரூபணமாகும்வரை இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ளவேண்டும்; சிறிது இழுப்பு இருந்தாலும் அப்படியே. யாரும் மோதாமல், அடிபடாமல் தானாகச் சரிந்தவர் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் பார்க்கன் மைதானத்தில் டென்மார்க்கும் பின்லாந்தும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியவிருந்த வேளையில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அருகில் எவரும் இல்லாமலே முன்னோக்கி விழுந்தார். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைத்தார். அணி மருத்துவர் மோர்ட்டன் போசன் பிறகு சொன்னது கவனிக்கத்தக்கது: அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எரிக்சன் ஒருக்களித்துக் கிடந்தார், மூச்சு இருந்தது, நாடியும் இருந்தது, திடீரென்று அந்த நிலை மாறியது, அக்கணமே சிபிஆர் தொடங்கினார்கள். ஒரே மின்னதிர்வில் இதயம் திரும்பியது. அடுத்த ஆண்டிலேயே அவர் மார்பில் பொருத்திய கருவியோடு மீண்டும் பந்தாடினார். முதல் பதிலோடு இரண்டு கேள்விகளும் முடிந்துவிடுவதில்லை என்பது இதில் உள்ள பாடம். மூச்சு இருக்கிறது என்று விடை கிடைத்தாலும் பக்கத்திலேயே இருந்து மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். போல்டன் அணியின் ஃபப்ரிஸ் முவாம்பா 2012 மார்ச் 17 அன்று லண்டனில் விழுந்த நிகழ்வு இன்னொரு பாடம் தருகிறது. அவருடைய இதயம் தானாகத் துடிக்கத் தொடங்க 78 நிமிடங்கள் ஆயின. அத்தனை நேரமும் மூளையைக் காத்தது மாறி மாறி நெஞ்சை அழுத்திய கைகள்தான். அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். சிபிஆர் இதயத்தை எழுப்பும் வித்தை அல்ல. எழுப்பும் கருவி வந்து சேரும்வரை மூளைக்கு இரத்தம் தள்ளும் வேலை.

கேமராக்களும் மருத்துவர்களும் சூழ்ந்த நட்சத்திரங்களின் கதையைச் சாமானியர்மீது ஏற்றலாமா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான், அதற்குப் பிரான்ஸ் நாட்டின் ஆய்வில் பதில் இருக்கிறது. 2005 முதல் 2010 வரை அங்கே விளையாட்டோடு தொடர்புடைய 820 திடீர் இதய நிகழ்வுகளை எலோய் மரிஜோன் குழுவினர் தொகுத்தார்கள். அவற்றில் இளம் போட்டி வீரர்கள் 6 விழுக்காடுதான். எஞ்சியவர்கள் சைக்கிள் ஓட்டியவர்கள், ஓடியவர்கள், வார இறுதியில் பந்தாடியவர்கள், சராசரி வயது 46, பெரும்பாலோர் ஆண்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிபிஆர் செய்யப்பட்டதோ மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. உயிரோடு வீடு திரும்பியவர்கள் சுமார் 16 விழுக்காடு. கண்ணெதிரே விழுந்தும் கைகள் நீளவில்லை என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. மறுபக்கத்துக்கு 2000இல் வெளியான அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் ஆய்வைப் பார்க்கலாம். அங்கே காவலாளிகளுக்கு சிபிஆரும் ஏஇடி என்னும் தானியங்கி மின்னதிர்வுக் கருவியை இயக்குவதும் கற்றுத்தரப்பட்டன. கண்காணிப்பு கேமரா எங்கும் இருந்ததால் விழுந்த நொடி முதல் கணக்கிட முடிந்தது. கண்ணெதிரே விழுந்து, மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்வு பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்று நிமிடம் கடந்தவர்களில் 49 விழுக்காடு. அவர்களைக் காப்பாற்றியவர்கள் மருத்துவர்கள் அல்லர், வாசலில் நிற்கும் காவலாளிகள்.

இங்கே முதல் மறுப்பு எழும். தெரியாதவர் தவறாகச் செய்துவிட்டால்? துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின்மேல் அழுத்தி விலா எலும்பை உடைத்துவிட்டால்? இரண்டு தவறுகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம். நின்ற இதயத்தை நிற்கவில்லை என்று எண்ணி விட்டுவிட்டால் விளைவு மரணம். நிற்காத இதயத்தை நின்றதாக எண்ணி அழுத்தினால் பெரும்பாலும் அந்த ஆள் வலியில் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், உடனே நிறுத்திவிடலாம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் தொலைபேசி வழிகாட்டலின்படி, உண்மையில் இதயம் நிற்காதவர்களுக்கும் சிபிஆர் செய்யப்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தபோது எலும்பு முறிந்தவர்கள் சுமார் 2 விழுக்காடு. உள்ளுறுப்புக் காயம் எவருக்கும் இல்லை. மின்னதிர்வுக் கருவியோ மனிதரைவிட எச்சரிக்கையானது. ஒட்டுத்தகடுகளை மார்பில் ஒட்டியதும் துடிப்பின் தாளத்தைத் தானே படித்து, தேவையென்று கண்டால் மட்டுமே அதிர்வு தரும்; நாம் தவறாகப் பொத்தானை அழுத்தினாலும் நல்ல இதயத்துக்கு அதிர்வு போகாது. சட்ட பயம் இருப்பவர்களுக்கு ஒன்று: உயிராபத்தில் இருப்பவரின் நன்மைக்காக, ஒப்புதல் பெற வழியில்லாத நிலையில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு சொன்னது; அதே பாதுகாப்பு புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. விழுந்தபின் பதறுவதைவிட, விழக்கூடியவர்களை முன்கூட்டியே பரிசோதித்து விலக்கிவிடலாமே? இத்தாலி இதைச் செய்தது. 1982 முதல் அங்கே போட்டி வீரர்களுக்கு ஈசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் 89 விழுக்காடு குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு சொன்னது. அலட்சியப்படுத்தக்கூடிய சான்று அல்ல. ஆனால் இங்கிலாந்தின் அனுபவத்தையும் பக்கத்தில் வைக்கவேண்டும். 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களுக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்தார்கள். 42 பேரிடம் ஆபத்தான இதயக் கோளாறுகள் கண்டுபிடிக்கப்பட்டன, அது நன்மை. பின்னாளில் இதயக் கோளாறால் திடீரென இறந்த 8 பேரில் 6 பேரின் பரிசோதனை முடிவோ இயல்பானது என்றே இருந்தது. வயது கூடக்கூட நிலைமை இன்னும் சிக்கலாகிறது. முப்பத்தைந்தைக் கடந்தவர்களிடம் முதன்மைக் காரணம் இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு. குழாயைப் பாதிகூட அடைக்காத சிறு படிவு திடீரென வெடித்து இரத்தக்கட்டை உண்டாக்கும்; நேற்று டிரெட்மில் பரிசோதனையில் தேறியவருக்கும் இன்று அது நேரலாம். ஆகவே பரிசோதனை வேண்டும், குறிப்பாகக் குடும்பத்தில் இளவயது மரணம் இருந்தவர்களுக்கும், ஓடும்போதே மயங்கியவர்களுக்கும். ஆனால் அது வலையின் ஒரு கண்ணி. முழு வலை அல்ல.

மூன்றாவது மறுப்பு: எல்லாவற்றையும் இதயம் என்று கொண்டால் மற்ற அவசரங்களைத் தவறவிட மாட்டோமா? மாட்டோம்; ஏனென்றால் அதே இரண்டு கேள்விகள்தான் அவற்றையும் பிரித்துக் கொடுக்கின்றன. மூச்சு ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பதில் உளறலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடும் உழைப்புக்கு நடுவிலோ, உழைப்பு முடிந்த சில நிமிடங்களிலோ ஒருவர் தடுமாறுகிறார், சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறார். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கு என்றே இதை முதலில் கொள்ளவேண்டும். உடலின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கியிருக்கிறது. வெப்பத்தாக்கில் தோல் உலர்ந்திருக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். முதியவர்களுக்கு வெயிலில் இருந்தே வரும் வெப்பத்தாக்கில் பெரும்பாலும் அப்படித்தான்; ஓடிக்கொண்டிருந்தவருக்கோ வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். சென்னைபோன்ற கடலோர ஊர்களில் அந்த வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. ஆவியாகாத வியர்வையால் உடல் குளிர்வதில்லை. வெயில் ஏறாத விடியற்காலையிலும் வெப்பத்தாக்கு வருவது இதனால்தான்.

இங்கேயும் வாதம் அதேதான்: மருத்துவமனைக்கு முந்தைய நிமிடங்களே முடிவுசெய்கின்றன. நம் இயல்பு, ஆளைத் தூக்கி வண்டியில் போட்டு விரைவது. விளையாட்டு மருத்துவத்தின் விதி அதற்கு நேர்மாறு: முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரை அந்த இடத்திலேயே பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். இவ்வளவு தெளிவான சான்று மருத்துவத்தில் அரிது. உள் வெப்பத்தை அரைமணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாய் போதும். அதில் ஆளைப் படுக்கவைத்து, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப்பிடித்து, ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றி அலைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறவேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று தடுக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அந்த வேளையில் அவர்களுக்கு இணங்கக்கூடாது. உடனே 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வந்தபிறகும் குளிர்விப்பதைத் தொடரச் சொல்லவேண்டும்.

உளறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் நடுங்கி, வியர்த்துக் குழம்பினால், விழுங்க முடிகிறவரையில் சர்க்கரை கரைத்த நீர் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நீண்ட ஓட்டத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தவருக்கு இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினரிடம் இந்தக் குறைவு இருந்தது. அப்படிப்பட்டவருக்கு மேலும் தண்ணீர் புகட்டுவது நெருப்பில் நெய் வார்ப்பதுதான். மறுபுறம், ஓடி முடித்து நின்றவுடன் தலைசுற்றி உட்காருபவர் பெரும்பாலும் ஆபத்தில் இல்லை. ஓடும்வரை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசைகள் சட்டென நின்றதால் இரத்தம் கால்களில் தேங்குகிறது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சற்று நேரத்தில் தெளிவார். ஓட்டத்தின் நடுவில் விழுவது, முடித்தபின் விழுவதைவிட எப்போதும் கவலைக்குரியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தும் ஆபத்தில் இருப்பவர் ஒருவர் உண்டு: தெளிவாகப் பேசுகிறார், ஆனால் நெஞ்சில் பாரம் என்கிறார். பாரம் இடது கைக்கோ தாடைக்கோ மேல்வயிற்றுக்கோ பரவும். குளிர்ந்த வியர்வை, இதுவரை அறியாத மூச்சுத்திணறல், காரணமில்லாத களைப்பு சேரும். நம் ஊரில் இதற்கு நிரந்தரப் பெயர் "கேஸ்". சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே தெளிவாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால் அந்தப் பெயர் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. 2021 அக்டோபர் 29 அன்று உடற்பயிற்சிக்குப் பின் அசௌகரியம் உணர்ந்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது, பிரான்ஸ் ஆய்வின் சராசரி வயதுதான் அது என்பதைச் சிலரே கவனித்திருப்பார்கள். பயிற்சியின்போது தொடங்கிய நெஞ்சுப் பாரத்துக்கு ஒரே நடைமுறைதான் இருக்கவேண்டும்: அக்கணமே நிறுத்தி உட்காரவைப்பது, ஆம்புலன்சை அழைப்பது, தனியாக வீட்டுக்கோ கழிப்பறைக்கோ அனுப்பாமல் இருப்பது, தானே வண்டியோட்டிப் போக விடாமல் தடுப்பது. கேஸ் என்று பிறகு தெரியவந்தால் நஷ்டம் ஒரு மணி நேரம்.

இத்தனையும் படித்தபின் உடற்பயிற்சியே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது பிழையான கணக்கு. கடும் உழைப்பின்போதும் அதையடுத்த அரைமணி நேரத்திலும் ஆபத்து தற்காலிகமாகப் பலமடங்கு உயர்வது உண்மைதான். ஆனால் அமெரிக்க ஆண் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 15 லட்சம் தடவை கடுமையாக உழைத்ததற்கு ஒரு திடீர் மரணம் என்ற அளவில்தான் அது இருந்தது. அதோடு, 1993இல் வெளியான இன்னொரு ஆய்வில் கடும் உழைப்பின்போது மாரடைப்பு வரும் அபாயம் உடலை அசைக்காமல் இருந்தவர்களுக்கு 107 மடங்கு உயர்ந்தது. வாரம் ஐந்து நாளுக்குக் குறையாமல் பயிற்சி செய்தவர்களுக்கு 2.4 மடங்குதான். பயிற்சியின் ஆபத்துக்கு மருந்து, படிப்படியாகக் கூட்டி விடாமல் செய்யும் பயிற்சியே.

எஞ்சுவது பணம் பற்றிய கேள்வி. இவ்வளவு அரிதான நிகழ்வுக்காகத் தெருமுனை ஜிம்மும் பள்ளி மைதானமும் மின்னதிர்வுக் கருவி வாங்கமுடியுமா? எல்லோராலும் உடனே முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதனால் எது விலை உள்ளது, எது விலையில்லாதது என்று பிரித்துக்கொள்ளலாம். 1960இல் ஆய்வாளர் கௌவன்ஹோவனும் இரு சகாக்களும் மூடிய மார்பின் மேலிருந்தே இதயத்தை இயக்கலாம் என்று காட்டியபோது, அதற்குத் தேவைப்பட்டது இரண்டு கைகள் மட்டுமே. மார்பின் நடுவில் உள்ளங்கை அடியை வைத்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவது ஓர் அரைநாள் பயிற்சியில் கைவரும். நீச்சல் குளத்தில் மூழ்கியவருக்கு மட்டும் வாய்வழி மூச்சும் கட்டாயம் சேரவேண்டும். யார் அழுத்துவது, யார் 108ஐ அழைப்பது, யார் வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது, கருவி இருந்தால் யார் எடுத்துவர ஓடுவது என்று முன்கூட்டியே பிரித்துவைத்து ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை பார்க்கச் செலவே இல்லை. கருவியைப் பக்கத்துக் கடைகளும் குடியிருப்புகளும் சேர்ந்து பொதுவாக வாங்கலாம். பூட்டிய அறையில் வைக்காமல் இருந்தால் போதும். விழுந்தவருக்கு என்ன நோய் என்பதை மருத்துவமனை நிதானமாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த நிதானத்தை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பதே உடனிருப்பவர்களின் பொறுப்பு. அதற்குத் துணிச்சல்காரர்களையோ அறிவாளிகளையோ தேடவேண்டியதில்லை. என்ன கேட்பது, விடை இல்லையென்றால் என்ன செய்வது என்று முன்பே முடிவுசெய்து வைத்திருப்பவர்கள் இருவர் இருந்தால் போதும்.